வெளிநாட்டுச் சொந்தங்களின் விசா: அழைக்கிற வீட்டுக்கும் வேலை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேளாங்கண்ணிப் பெருவிழா, நாகூர் கந்தூரி, திருவையாற்று ஆராதனை, குலதெய்வக் கோயில் குடமுழுக்கு, கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று ஏதாவது ஒன்றை முன்னிட்டு வெளிநாட்டுக் குடிமக்கள் டெல்டா மாவட்டங்களுக்கு ஆண்டு முழுக்க வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, பிரான்ஸ் என்று எங்கிருந்து வந்தாலும் நமக்கு அவர்கள் சித்தப்பா, அத்தை, மச்சான். அதனாலேயே அவர்கள் சட்டப்படி வெளிநாட்டவர் என்பது பல வீடுகளில் மறந்துபோகிறது. 2028-ல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. அதற்கு வருகிறவர்களின் எண்ணிக்கை இன்னும் கூடும். எனவே இப்போதே இதை எழுதுகிறோம்.

நாங்கள் கும்பகோணம், நாகூர், காரைக்கால் பக்கம் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருப்பவர்கள். இந்தத் தொழிலில் இருக்கிற எவரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்கள்: சிக்கிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோருக்கு விசா மறுக்கப்பட்டிருக்காது. பாஸ்போர்ட்டில் இருப்பதும் விண்ணப்பத்தில் எழுதியதும் ஒத்துப்போகாமல்தான் மாட்டியிருப்பார்கள். அந்த விண்ணப்பத்தைப் பல நேரம் இங்கே இருக்கிற தம்பி மகனோ அக்கா பேரனோ பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து அவசரமாக நிரப்பியிருப்பார். அதனால் இந்தக் கடிதம் வருகிறவர்களைவிட அழைக்கிறவர்களுக்கே அதிகம் பயன்படும்.

முதலில் இணையதளம். இந்திய அரசின் இ-விசா (இணையத்திலேயே விண்ணப்பித்து வாங்கும் விசா) ஒரே ஒரு தளத்தில்தான் கிடைக்கும்: இந்தியன்விசாஆன்லைன் டாட் ஜிஓவி டாட் இன். கூகுளில் தேடினால் அதே வண்ணத்தில், அசோகச் சின்னம் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு வேறு பல தளங்கள் முன்னால் வந்து நிற்கும். அரசுக் கட்டணத்தைப்போலப் பல மடங்கு வாங்கிக்கொண்டு, அதே அரசுத் தளத்தில் உங்களுக்காக அவர்கள் விண்ணப்பிப்பார்கள். முகவரியின் கடைசியில் 'ஜிஓவி டாட் இன்' இல்லையென்றால் பாஸ்போர்ட் நகலை அங்கே ஏற்றவே கூடாது.

பாஸ்போர்ட் இந்தியாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். திரும்பிப் போகும் டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட், தனி விண்ணப்பம். தாயின் பாஸ்போர்ட்டில் பெயர் சேர்த்திருந்தால் இ-விசாவுக்கு அது செல்லாது.

புகைப்படத்தின் அகலமும் உயரமும் சமமாக இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணி, கண்ணாடி அணியாத முழு முகம், ஜேபெக் வடிவம், 10 கேபிக்குக் குறையாமல் 1 எம்பிக்கு மிகாமல். பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம் பிடிஎஃப் ஆக, 10 முதல் 300 கேபிக்குள். கோளாறு அதிகம் நடப்பது இந்தப் பக்கத்தில்தான். பாயில் வைத்து ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் எண்மேல் வெளிச்சம் விழுந்து தெரியாது, அல்லது அடியில் இருக்கும் இரண்டு வரி வெட்டுப்பட்டிருக்கும். அந்த இரண்டு வரியைத்தான் விமான நிலையத்து இயந்திரம் படிக்கும். ஸ்கேன் செய்து, மின்னஞ்சலிலோ, வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆகவோ அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும்.

பெயர் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது. மலேசியப் பாஸ்போர்ட்டில் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவில் மகன், மகள் என்பதற்கு 'ஏ/எல்', 'ஏ/பி' என்று இருக்கும். சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டில் 'எஸ்/ஓ', 'டி/ஓ'. இலங்கைப் பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முழுசாக முன்னால் வரும், ஆனால் ஊரில் நமக்குத் தெரிந்தது இனிஷியல் மட்டும்தான். விண்ணப்பத்தில் 'சர்நேம்', 'கிவன் நேம்' என்று இரண்டு கட்டங்கள் இருப்பதைப் பார்த்ததும் தகப்பன் பெயரை வெட்டி முதல் கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். பாஸ்போர்ட் அப்படிப் பிரித்திருந்தால் மட்டும் பிரியுங்கள். ஒரே வரியாக இருந்தால் முழுப் பெயரும் 'கிவன் நேம்' கட்டத்துக்குப் போகட்டும், 'சர்நேம்' காலியாக இருக்கட்டும். சாய்கோட்டை எப்படி எழுதுவது என்று குழப்பம் வந்தால் விவரப் பக்கத்தின் அடி இரண்டு வரியில் பெயர் எப்படி வருகிறது என்று பார்த்து அதைப் பின்பற்றுங்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெயரும் கணவர் பெயரும் தனித்தனியாக அச்சாகியிருக்கும். பிறந்த வீட்டுப் பெயரே முதன்மையானது.

பாஸ்போர்ட் எண்ணில் 'ஓ' எழுத்தையும் சுழியத்தையும் மாற்றிப் போடுவது அடுத்த வழக்கமான தவறு. மலேசியாக்காரர்களில் சிலர் எண் கேட்டால் அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணைச் சொல்வார்கள். அதற்குத் தேசிய அடையாள எண் என்று வேறு கட்டம் இருக்கிறது. பணம் கட்டிய பிறகு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. பணமும் திரும்பாது. புதிதாக விண்ணப்பிப்பதுதான் வழி. ஆகவே கட்டுவதற்கு முன் வருகிறவரை வீடியோ காலில் கூப்பிட்டு, அவர் கையில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக வாசிக்க, இங்கே ஒருவர் சரிபார்ப்பது நல்லது. பத்து நிமிட வேலை. கார்டில் பணம் போயும் தளத்தில் காட்டவில்லை என்றால் உடனே மறுபடி கட்டாதீர்கள். சற்றுப் பொறுத்து, பணம் வந்ததா என்று சரிபார்க்கும் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

எந்த விசா எடுப்பது? சுற்றுலா இ-விசா 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என்று மூன்று வகை. சொந்தக்காரர்களைப் பார்க்க வருவதும் இதில் அடங்கும். கட்டணம் நாட்டுக்கு நாடு வேறு. 30 நாள் விசாவுக்குப் பயணத்துக்கு முந்தைய 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். குறைந்தது நான்கு நாள் இடைவெளி வேண்டும். ஓராண்டு, ஐந்தாண்டு விசாவுக்கு 120 நாள் முன்பே போடலாம். சாவுச் செய்தி கேட்டு அன்றிரவே கிளம்ப வேண்டியவருக்கு 30 நாள் விசா கைகொடுக்காது. ஊரில் வயதான பெற்றோரோ மாமனார் மாமியாரோ இருப்பவர்கள் ஐந்தாண்டு விசாவை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

நாள் கணக்கு 30 நாள் விசாவுக்கும் மற்ற இரண்டுக்கும் வெவ்வேறு. 30 நாள் விசாவில் நாள் எண்ணத் தொடங்குவது முதன்முதலில் இந்தியாவில் இறங்கிய தேதியிலிருந்து. விசா கிடைத்ததும் வரும் அனுமதித் தாளில் அச்சான காலாவதித் தேதி, அதற்குள் வந்து இறங்க வேண்டும் என்பதற்கானது. அதைத் தங்கும் கெடு என்று நினைத்துக்கொண்டு சிலர் பதறிச் சீக்கிரமே திரும்புகிறார்கள், சிலர் கூடுதலாகத் தங்கிவிடுகிறார்கள். இருமுறை நுழையலாம் என்பதால் நடுவில் கொழும்பு போய் வருகிறவர்கள், திரும்பி வந்ததும் இன்னொரு 30 நாள் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். கிடைக்காது. அதே முதல் தேதிதான் கணக்கு. ஓராண்டு, ஐந்தாண்டு விசாக்களோ அனுமதி கொடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். அவற்றில் பெரும்பாலான நாட்டவர் ஒரு தடவையில் 90 நாள்தான் தங்கலாம். சுற்றுலா இ-விசாவை இங்கிருந்தபடி நீட்டிக்கவோ வேறு விசாவாக மாற்றவோ முடியாது.

கெடு தாண்டித் தங்குவதை 'ஃபைன் கட்டிவிட்டுப் போய்விடலாம்' என்று எளிதாகப் பேசுகிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 நடைமுறையில் இருக்கிறது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களுக்குப் பதிலாக வந்தது. விசாக் காலம் தாண்டித் தங்கினால் மூன்றாண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதில் இருக்கிறது. அடுத்த முறை விசா கேட்கும்போதும் அது வந்து நிற்கும்.

விண்ணப்ப நிலை 'கிராண்டட்' என்று காட்டிய பிறகுதான் கிளம்ப வேண்டும். பணம் கட்டிய ரசீது விசா ஆகாது. அனுமதித் தாளை அச்செடுத்துக் கையில் வைத்திருக்கட்டும். ஐந்தாண்டு விசா இருக்கும்போதே பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால், பழைய பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுத்துவர வேண்டும். இது இல்லாமல் அங்கே செக்-இன் கவுன்ட்டரிலேயே நின்றுபோகிறவர்கள் உண்டு. 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டவர் வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. இதற்கும் காசு கேட்கும் போலித் தளங்கள் முளைத்திருக்கின்றன. ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளில் மஞ்சள் காய்ச்சல் உள்ள பகுதிகள் வழியாக வருகிறவர்கள் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அது செல்லும்.

இ-விசாவோடு எல்லா வழியிலும் நுழைய முடியாது. திருச்சி, சென்னை, மதுரை, கோவை விமான நிலையங்கள் பட்டியலில் இருக்கின்றன. காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் நாகப்பட்டினம் வர நினைக்கும் இலங்கைச் சொந்தங்கள், கப்பல் டிக்கெட் எடுப்பதற்கு முன், தாம் வைத்திருக்கும் விசாவுக்கு அன்றைய நிலையில் நாகை துறைமுகம் அனுமதிக்கப்பட்ட நுழைவிடமா என்று அரசுத் தளத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளட்டும். திரும்பிப் போவதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. குடியேற்றச் சோதனை உள்ள எந்த இடம் வழியாகவும் போகலாம்.

இ-விசாவே கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். மலேசியாவில் குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் முதியவர்கள் பலருக்கு மலேசியப் பாஸ்போர்ட் கிடையாது. பாஸ்போர்ட் அல்லாத வேறு பயண ஆவணத்தில் வருகிறவர்களுக்கு இ-விசா இல்லை. தூதரகம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கூடுதல் நாள் ஆகும். கடைசி நேரத்தில் அலைவதில் பயனில்லை.

இங்கே பிறந்து வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற நாளோடு இந்தியக் குடியுரிமை தானாகவே முடிந்துவிடும். பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் நாலு வருஷம் பாக்கி இருக்கிறதே என்று அதில் வந்து போவது குற்றம். அதை இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் ஓசிஐ அட்டைக்கு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) விண்ணப்பிக்கும்போது சிக்கல் வரும். அடிக்கடி வருகிறவர்களுக்கு ஓசிஐதான் நிம்மதி, விசாவே வேண்டாம். பிள்ளைகளுக்குத் தனித்தனி அட்டை எடுக்க வேண்டும். 20 வயதுக்குப் பிறகு புதுப் பாஸ்போர்ட் எடுத்ததும் அட்டையை ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதைப் பலர் தவறவிடுகிறார்கள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரும் பெண்களின் நிலை எல்லாவற்றையும்விடக் கவலை தருவது. பெண்ணும் மாப்பிள்ளையும் இருவருமே வெளிநாட்டுக் குடிமக்கள் என்றால், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் குழந்தை இந்தியக் குடிமகன் ஆகாது. 1987 ஜூலை 1 முதல் சட்டம் அப்படித்தான். குழந்தையின் பெயரோடு பிறப்புச் சான்றிதழ், அதை வைத்து அந்த நாட்டுத் தூதரகத்தில் குழந்தைக்குப் பாஸ்போர்ட், பிறகு இ-எஃப்ஆர்ஆர்ஓ எனும் வெளிநாட்டினர் பதிவு அலுவலக இணையதளத்தில் நாட்டைவிட்டு வெளியேற அனுமதி என்று மூன்று படி. ஒன்று முடியாமல் அடுத்தது நகராது. தகப்பன் இந்தியக் குடிமகனாக இருந்து, தாய் செல்லத்தக்க விசாவில் வந்திருந்தால் குழந்தை பிறப்பாலேயே இந்தியக் குடிமகன், இந்தியப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் சில வாரங்கள் பிடிக்கும். எட்டாம் மாதம் வந்து, பிரசவம் முடிந்து, இதையெல்லாம் முடிப்பதற்குள் தாயின் 90 நாள் கடந்துவிடும். வளைகாப்புத் தேதி குறிக்கும்போதே இந்தக் கணக்கையும் போட்டுவிடுங்கள்.

கல்யாணத்துக்கும் இதே கணக்கு உண்டு. சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டுமென்றால், இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும், நோட்டீஸ் கொடுத்து மேலும் 30 நாள் காத்திருக்க வேண்டும். 30 நாள் விசாவில் வந்த மாப்பிள்ளை நோட்டீஸ் கெடு முடிவதற்குள் ஊர் திரும்பியாக வேண்டும்.

இனி அழைக்கிற வீட்டின் வேலை. வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் தங்க இடம் கொடுத்தவர் இணையத்தில் தகவல் பதிய வேண்டும். 'சி ஃபார்ம்' என்று நாம் சொல்வது இதைத்தான். லாட்ஜ், தர்மசத்திரம், மடம், ஆஸ்பத்திரி, தரங்கம்பாடி மாதிரி ஊர்களில் உள்ள விருந்தினர் இல்லம் மட்டுமல்ல, தனி வீடும் இதில் சேரும். அதற்கு முதலில் எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் வீட்டு முகவரியோடு கணக்குத் தொடங்க வேண்டும். மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் உள்ள வெளிநாட்டினர் பதிவுப் பிரிவு ஒப்புதல் கொடுத்த பிறகுதான் கணக்கு வேலை செய்யும். விருந்தாளி வந்து இறங்கிய பிறகு கணக்குத் தொடங்கப் போனால் 24 மணி நேரம் நிச்சயம் தாண்டிவிடும். வருவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள்.

ஃபார்மில் பாஸ்போர்ட், விசா விவரங்கள், இந்தியாவில் இறங்கிய தேதி, எங்கிருந்து வந்தார், எத்தனை நாள் தங்குவார், அடுத்து எங்கே போகிறார் என்பதெல்லாம் கேட்பார்கள். வருகை முத்திரை குத்திய பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாகூரில் இரண்டு நாள், பிறகு காரைக்காலில் அத்தை வீட்டில் நான்கு நாள் என்றால் இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். பக்கத்து ஊர்தான் என்றாலும் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, அங்கே பதிவு புதுச்சேரிக் காவல்துறையின் கணக்கில் வரும். ஓசிஐ வைத்திருப்பவர் நம்ம ஆள்தானே என்று விட்டுவிடாதீர்கள். அவரும் வெளிநாட்டுக் குடிமகன்தான், அவருக்கும் பதிந்துவிடுங்கள்.

கூட்டத்தில் பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, இலங்கைத் தூதரக அலுவலகங்கள் சென்னையில் இருக்கின்றன, பிரான்சின் துணைத் தூதரகம் புதுச்சேரியில். அங்கே அவசரப் பயண ஆவணம் வாங்கி, பிறகு இ-எஃப்ஆர்ஆர்ஓவில் வெளியேறும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். புதுப் பயண ஆவணம் மட்டும் இருந்தால் விமான நிலையத்தில் விடமாட்டார்கள், ஏனென்றால் அதில் விசாவும் இல்லை, வருகை முத்திரையும் இல்லை. விவரப் பக்கம், விசா, வருகை முத்திரை மூன்றின் படமும் வீட்டில் யாராவது ஒருவர் போனில் இருந்தால் இந்த அலைச்சலில் பாதி குறையும்.

மாவட்ட நிர்வாகங்களிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கிறோம். இ-சேவை மையங்களில் இ-விசா, 'சி ஃபார்ம்' பற்றிய தமிழ் வழிகாட்டித் தாளை ஒட்டி வைக்க வேண்டும். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருப்பதால் நடக்கும் தவறுகளில் பாதி அதிலேயே தீரும். தனி வீடுகளின் கணக்குக்கு ஒப்புதல் தருவதற்கு எஸ்.பி. அலுவலகங்கள் ஒரு நாள் கெடு வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்புதல் தாமதமானதற்காக வீட்டுக்காரர் குற்றவாளி ஆவது நியாயமில்லை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியிலும், கந்தூரி நாட்களில் நாகூரிலும், மகாமகத்தின்போது கும்பகோணத்திலும் வெளிநாட்டினர் பதிவுக்கென ஒரு மேசையும் ஒரு கணினியும் போட்டு, விவரம் தெரிந்த ஒருவரை உட்கார வைக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுத் தொழிலில் உள்ளவர்கள்,
கும்பகோணம், நாகூர், காரைக்கால்.